ஓடுகிற வீடும் நிற்கிற இடமும்

தூரவாணிநகரிலும் ஜாலஹள்ளியிலும் விமானபுரத்திலும் காலைச் சங்கு ஒலித்தவுடன் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்ட தமிழர்கள் எத்தனை பேர்! 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று அடுத்தடுத்து எழும்பிய தொழிற்சாலைகள் நம்முடைய தகப்பன்மாரையும் தாய்மாரையும் இந்தப் பெங்களூர் நகரத்திற்கு வரவழைத்தன. அவர்கள் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தார்கள். ஒரு சைட் வாங்கினார்கள், கடன்பட்டு வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், ஓய்வும் பெற்றார்கள். பிறகு?

பிறகுதான் பலருக்குப் பயணம் தொடங்குகிறது. மூத்த மகன் வீட்டில் மூன்று மாதம். சென்னையில் இருக்கும் மகளிடத்தில் பேரப்பிள்ளைகளின் விடுமுறை முடியும்வரை. இளைய மகன் அமெரிக்காவில் இருந்தால், மருமகளின் பிரசவத்திற்கென்று ஆறு மாதம். ஒரு சூட்கேஸ், ஒரு மருந்துப் பை, ஒரு வேதாகமம். இவ்வளவே அவர்களுடைய உடைமை. சில குடும்பங்களில் அப்பா ஒரு மகனிடத்திலும் அம்மா ஒரு மகளிடத்திலும் என்று, ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களையே பிரித்துவைக்கிற வேதனையும் நடக்கிறது.

அன்போடு அழைத்து, அன்போடு வைத்துக்கொண்டால் அது பாக்கியமே. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும், வாசகரே, நீங்களும் ஓய்வுபெற்றவரானால் உங்களை நீங்களே ஒருமுறை கேட்டுப்பாருங்கள்: நாங்கள் பயணம் செய்கிறோமா, அல்லது அனுப்பிவைக்கப்படுகிறோமா?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, நமக்குப் புதுமையாய்த் தோன்றுகிற வேறொரு வாழ்க்கையைச் சற்றே பார்ப்போம்.

சக்கரத்தின்மேல் ஒரு குடித்தனம்

கேரவன் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா நடிகர்கள் படப்பிடிப்பின்போது ஓய்வெடுக்கும் வண்டி. ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற தேசங்களில் அப்படிப்பட்ட வண்டியையே நிரந்தர வீடாக்கிக்கொண்டு வாழ்கிற ஓய்வுபெற்ற தம்பதியர் அநேகர் உண்டு. அதை மோட்டார்ஹோம் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இவர்களுக்கு நரைமுடி நாடோடிகள் என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரே வழங்குகிறது.

ஒரு வேனின் அல்லது பேருந்தின் அளவுள்ள அந்த வண்டிக்குள் கட்டில், சிறிய சமையலறை, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. கூரையின்மேல் சூரிய ஒளித் தகடு, உள்ளே பாட்டரி, சமையலுக்கு எரிவாயு. நல்ல தண்ணீர்த் தொட்டி சில நாட்களில் காலியாகும்; கழிவுத் தொட்டிகள் சில நாட்களில் நிறையும். ஆகவே எவ்வளவு சுதந்திரமாய்ச் சுற்றினாலும், சில நாட்களுக்கொருமுறை தண்ணீர் பிடிக்கவும் கழிவை முறையாய் இறக்கவும் ஓரிடத்தில் வந்து நிற்கத்தான் வேண்டும். மேலைநாடுகளில் அதற்கென்றே முகாம் இடங்கள் உண்டு. வண்டியை நிறுத்தி, மின்சாரத்தையும் தண்ணீரையும் கழிவுக் குழாயையும் இணைத்துக்கொள்ளலாம்.

கவனித்தீர்களா? ஓடுகிற வீட்டின் முதல் தேவை ஓட்டம் அல்ல. நிற்க ஓர் இடம்.

இதை நன்றாய் உணர்ந்தவர்கள் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் அமெரிக்கத் தம்பதியர். தாங்களும் வண்டியிலேயே வாழ்ந்த இவர்கள், தங்களைப்போல் சுற்றித்திரிகிறவர்களுக்காக 1978இல் எஸ்கேப்பீஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் என்னும் சிற்றூரில் அதன் தலைமையிடம் இருக்கிறது. வீடு இல்லாதவனுக்குக் கடிதம் எங்கே வரும்? வங்கி எந்த முகவரியை ஏற்கும்? அங்கத்தினரின் கடிதங்கள் லிவிங்ஸ்டனுக்கு வந்துசேர, அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊருக்குச் சங்கம் அனுப்பிவைக்கிறது.

அதைவிட முக்கியமான மற்றொன்றும் அங்கே உண்டு. வயது முதிர்ந்து, அல்லது வியாதிப்பட்டு, இனி வண்டியோட்ட இயலாது என்ற நிலை வந்தவர்களுக்காக அதே ஊரில் ஒரு பராமரிப்பு மையத்தை ஏற்படுத்தினார்கள். தம்பதியர் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்திவிட்டு, அந்த வண்டிக்குள்ளேயே தொடர்ந்து வாழலாம். சாப்பாடும், மருத்துவரிடம் அழைத்துச்செல்லும் உதவியும், பகல்நேரக் கவனிப்பும் மாதக் கட்டணத்திற்குக் கிடைக்கும். ஊர் ஊராய் ஓடியவர்கள் ஓட்டம் நின்ற பிறகும் தங்கள் கட்டிலையும் தங்கள் சாவியையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு ஞானமுள்ள ஏற்பாடு!

கூடாரம் செய்தவர்களின் வழியில்

நம்முடைய சபைகளுக்குச் சம்பந்தமான ஒரு செய்தியும் இதில் உண்டு. அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையினர், மேப்ஸ் என்ற தங்கள் ஊழியப் பிரிவின்மூலம், இத்தகைய வண்டிகளில் வாழும் ஓய்வுபெற்றவர்களை ஊழியத்திற்கு அழைக்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவர், மின்வேலை தெரிந்தவர், சமையலில் கைதேர்ந்த சகோதரிகள் என்று பலரும் தங்கள் வண்டிகளோடு ஓர் ஊருக்கு வந்துசேருகிறார்கள். அங்கே ஆலயக் கட்டடத்தையோ முகாம் கட்டடத்தையோ கட்டிக்கொடுக்க உதவிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். மெதடிஸ்ட் சபையாரிடத்திலும் 1988இல் தொடங்கிய நோமாட்ஸ் என்ற இதேபோன்ற ஐக்கியம் இருக்கிறது. அழைக்கிற சபை நிற்க இடமும் தண்ணீரும் மின்சாரமும் தருகிறது. வருகிறவர்கள் தங்கள் கைவேலையைத் தருகிறார்கள்.

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் நினைவுக்கு வரவில்லையா? ரோமாபுரியிலிருந்து கொரிந்துக்கும், கொரிந்திலிருந்து எபேசுவுக்கும் இடம்மாறிய தம்பதியர் அவர்கள். கூடாரம் செய்வதே அவர்கள் தொழில். போன இடத்திலெல்லாம் அவர்களுடைய கைத்தொழிலும் கூடவே போயிற்று. அவர்கள் வீடு சபை கூடுகிற இடமுமாயிற்று. ஓய்வுபெற்றவருக்குப் பென்ஷன் மட்டும் போதாது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் வேண்டும். பி.இ.எல்.லில் முப்பது ஆண்டு மின்வேலை பார்த்த ஒரு மூப்பரின் கை, ஓய்வுபெற்ற அன்றே தொழிலை மறந்துவிடுவதில்லையே!

நம் தேசத்தில் நடக்குமா?

நடக்கத் தொடங்கியிருக்கிறது; ஆனால் வசதிகள் இன்னும் மேலைநாட்டு அளவில் இல்லை. 2020இல் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் கர்நாடகச் சுற்றுலாத் துறையின் ஆதரவோடு சொகுசுக் கேரவன்களை வாடகைக்கு விடத் தொடங்கியது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022இல் வாகமண்ணில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. என்றாலும், நெடுஞ்சாலையோரங்களில் பரவலாய்க் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் வசதியோ, இரவில் அச்சமின்றித் தங்கும் இடமோ இங்கே எளிதில் கிடைப்பதில்லை. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுவாகப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. மனம்போன போக்கில் எங்கும் நிறுத்தித் தூங்கிவிடலாம் என்று எண்ணுகிறவர் இவைகளை அறிந்திருப்பது நல்லது.

சட்டமும் சிலவற்றை எதிர்பார்க்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டி இலகுரக வாகனமாய்க் கருதப்படும். பழைய வேனை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்திவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி வேண்டும், பதிவுப் புத்தகத்தில் அது ஏறவேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்திற்கும் தெரிவிக்கவேண்டும். கர்நாடகப் பதிவு கொண்ட வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைக்கப்பட்டால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். 55 வயதைக் கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமம் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும். மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

எளிதாகிவிட்ட காரியங்களும் உண்டு. பென்ஷன்தாரர் தாம் உயிரோடிருப்பதற்குத் தரும் சான்றிதழை 2014 முதல் ஜீவன் பிரமாண் முறையில் தேசத்தின் எந்த ஊரிலிருந்தும் கணினிவழியாய்ச் சமர்ப்பிக்கலாம். முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ எரிவாயு உருளை வாங்கலாம். முன்பு வரிசையில் நின்று முடிக்கவேண்டியிருந்த அநேக வங்கி வேலைகள் இன்று கைப்பேசியிலேயே முடிந்துவிடுகின்றன.

கேரவன் இல்லாமலே கிளம்பியவர்கள்

அவ்வளவு பணத்திற்கு எங்கே போவோம் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் நம் அண்டையிலேயே வாழ்ந்த இருவரைக் கேளுங்கள்.

கொச்சியில் சிறிய தேநீர்க் கடை நடத்தியவர் விஜயன். அவர் மனைவி மோகனா. கடை வருமானத்தில் நாள்தோறும் 300 ரூபாய் அளவில் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் சுற்றிவந்து, மறுபடியும் தேநீர் ஆற்றிக் கடனை அடைப்பார்கள். 2007இல் அவர்கள் சென்ற முதல் வெளிநாட்டுப் பயணம் இஸ்ரவேல் தேசத்திற்கு! அதன் பின்பு 25க்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டார்கள். 2021 அக்டோபரில் இருவரும் ரஷ்யா சென்று திரும்பினார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அவர்கள் கடையை விற்றுவிட்டுக் கிளம்பவில்லை. ஒவ்வொரு பயணமும் அந்தச் சிறிய கடையிலிருந்து புறப்பட்டு, அதே கடைக்குத் திரும்பியது. அதுவே அவர்கள் நிற்கிற இடம்.

இன்னொருவர் மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார். பெங்களூரில் தனியார் நிறுவனத்தில் வேலைபார்த்தவர். கூட்டுக் குடும்பத்தின் அடுக்களையிலேயே வாழ்நாளைக் கழித்த தம் தாய் சூடாரத்னம்மா, அருகிலுள்ள பேளூரையும் ஹளேபீடுவையும்கூடத் தாம் பார்த்ததில்லை என்று சொன்னது அவர் நெஞ்சைத் தைத்தது. வேலையை விட்டுவிட்டு, தகப்பனார் வாங்கித்தந்த பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரில் தாயைப் பின்னால் அமர்த்தி, 2018 ஜனவரியில் புறப்பட்டார். தேசம் முழுவதும் பல்லாயிரம் கிலோமீட்டர் சுற்றினார்கள். அது அவர்களுடைய மார்க்கத்தின் புனித யாத்திரை. நம்முடைய விசுவாசம் வேறு. ஆயினும் ஒரு பாடம் நமக்கும் உண்டு. உங்கள் வீட்டில் இருக்கும் அம்மாவை, உங்கள் மனைவியை, எந்த ஊரைப் பார்க்க ஆசை என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா?

கேட்டுப்பாருங்கள். கர்நாடகத்தில் வசிக்கும் சகோதரிகளுக்கு 2023 ஜூன் மாதம் தொடங்கிய சக்தி திட்டத்தின்படி, மாநில எல்லைக்குள் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமே இல்லை. அம்மாவுக்கு டிக்கெட் இலவசம். அப்பாவுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்! ஒரு கேரவனின் விலை இல்லாமலே பயணம் தொடங்கிவிடலாம்.

புறப்படுமுன் கணவனும் மனைவியும் பேசவேண்டியவை

வண்டியோ, காரோ, பேருந்தோ, ரயிலோ எதுவாயினும், நீண்ட பயண வாழ்க்கைக்கு ஆயத்தமாகிற தம்பதியர் சில காரியங்களை இருவருமாய் உட்கார்ந்து தீர்மானிக்கவேண்டும்.

முதலாவது, வீட்டை விற்காதிருங்கள். மேலைநாட்டில் சிலர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்புகிறார்கள். அங்கே அவர்கள் வந்து நிற்க இடங்கள் உண்டு. இங்கே நமக்கு அந்தச் சொந்த வீடே நிற்கிற இடம். வேண்டுமானால் ஓர் அறையை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு மற்றதை வாடகைக்கு விடுங்கள். சைட்டை விற்று வண்டி வாங்கினால், சைட்டின் விலை ஏறும். வண்டியின் விலை இறங்கும்.

இரண்டாவது, உண்மையாகவே இது இருவரின் ஆசையா? ஐயாவுக்குப் பயணம் சுகமாயிருக்கும். ஆனால் அந்தச் சிறிய அடுப்பிலும் அம்மாவே மூன்று வேளையும் சமைக்கவேண்டுமானால், அவர்களுக்கு அது ஓய்வல்ல, இடம் மாறிய அடுக்களையே. வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். முதலில் பத்து நாள் சென்றுவாருங்கள். பத்து நாளில் நான்கு சண்டை வந்தால் பத்து மாதத்தில் என்னவாகும் என்று கணக்குப் போடுங்கள்!

மூன்றாவது, உடல்நலம். மருந்துச் சீட்டு, இரத்தப் பிரிவு, பழைய பரிசோதனை முடிவுகள் ஒரே கோப்பில் இருக்கட்டும். மாதத்தின் பெரும்பகுதி நல்ல மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணத்திற்குள் இருக்கும்படி வழியை வகுத்துக்கொள்ளுங்கள். இரவில் ஓட்டாதிருங்கள்.

நான்காவது, பேசத் தயங்குகிற ஒன்று. இருவரில் ஒருவர் முந்திச் செல்லுவார். மற்றவர் தனியே நிற்பார். பெரும்பாலும் நிற்கிறவள் மனைவி. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? வங்கிக் கணக்கு அவள் பெயரிலும் இருக்கிறதா? வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியுமா? குடும்ப பென்ஷனுக்குரிய காகிதங்கள் சரியாய் இருக்கின்றனவா? உயில் எழுதியாயிற்றா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் புறப்படுகிற பயணம் எவ்வளவு அழகானதாயிருந்தாலும், ஒருநாள் அவளை நடுவழியில் இறக்கிவிட்டுவிடும்.

சபைகளுக்கு ஒரு விண்ணப்பம்

வாரநாட்களில் வெறுமையாய்க் கிடக்கும் ஆலய வளாகங்கள் நமக்கு உண்டல்லவா? தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் வாசற்கதவும் உள்ள இடங்கள் அவை. ஓசூரிலும் சேலத்திலும் வேலூரிலும் கோலாரிலும் உள்ள சபைகள், முன்னறிவிப்போடும் தங்கள் போதகரின் கடிதத்தோடும் வருகிற வயதான தம்பதியருக்கு இரண்டு இரவு தங்க ஓர் அறையோ, வண்டி நிறுத்த ஒரு மூலையோ கொடுக்கக்கூடாதா? வந்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஒருவர் பழுதான மின்விசிறியைச் சரிசெய்வார். ஒருவர் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். அண்டை வீட்டாருக்கு இடையூறில்லாமல், குப்பையையும் கழிவையும் முறைப்படி அகற்றி, வந்ததைவிடச் சுத்தமாய் இடத்தை விட்டுச்செல்வது வருகிறவர்களின் கடமையாயிருக்கட்டும். இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. திறக்கிற மனமும் ஒரு சாவியும் போதும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் உங்கள் வீட்டிற்கு வருகிற நாளை நீங்கள் குறிக்கலாம். ஆனால் அவர்கள் திரும்பிப்போகிற நாளை அவர்களே குறிக்கட்டும். இருவரையும் பிரிக்காதிருங்கள். அவர்களுடைய சொந்த வீட்டின் சாவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

பிரியமானவர்களே, ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. சாராளும் கூடவே புறப்பட்டாள். அதன்பின் அந்தத் தம்பதியர் வாழ்ந்தது கூடாரங்களில். வாக்குப்பண்ணப்பட்ட தேசத்திலேயே பரதேசிகளாய். ஆனால் சாராள் மரித்த அன்று, அவளை அடக்கம்பண்ணுவதற்கு ஆபிரகாமுக்குச் சொந்தமாய் ஓரடி நிலமும் இல்லை. அழுகையிலிருந்து எழுந்து, ஊர்வாசலில் நின்று, ஏத்தின் புத்திரரிடத்தில் பேசி, நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து மக்பேலா குகையை வாங்கினார். நாடெங்கும் கூடாரம் போட்ட அவருக்கும் நிற்க ஓர் இடம் தேவைப்பட்டது.

ஆகவே தாராளமாய்ப் புறப்படுங்கள். சமாதானத்தோடே சென்று, கர்த்தர் படைத்த மலைகளையும் கடல்களையும் இருவருமாய்க் கண்டு மகிழுங்கள். ஆனால் புறப்படுகிற அன்றே, எங்கே வந்து நிற்போம் என்பதையும், ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் எங்கே நிற்பார் என்பதையும் பேசி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு வீட்டைப் பூட்டுங்கள். சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று ஐயாவிடம், ஒன்று அம்மாவிடம்.